பவர் இல்லாத கண்ணாடி

தையல்கார அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. இந்த விஷயம் அந்தத் தெருவில் அவள் ஒருத்திக்குத்தான் தெரியும். தெருமுனை மருந்துக்கடைக்காரருக்குக் கொஞ்சம் சந்தேகம் உண்டு. ஆனால் அவர் அடுத்த வீட்டு விஷயத்தில் வாயைத் திறக்காத மனிதர். அவளுடைய ஒரே மகளுக்குப் பத்தொன்பது வயது முடிந்துவிட்டது, கல்லூரியில் இரண்டாம் வருஷம் படிக்கிறாள், அவளுக்கு இது துளியும் தெரியாது. எப்படித் தெரியும்? பிறவியிலேயே பார்வை இல்லாத பெண். அம்மா ஒரு தாளைப் பிரித்து, தொண்டையைச் செருமி, "அதாவது என்ன எழுதியிருக்குன்னா…" என்று இழுத்தால், அம்மா படிக்கிறாள் என்றுதானே நினைப்பாள்?

சும்மா சொல்லக் கூடாது, தையல்கார அம்மா கெட்டிக்காரி. எண்கள் அவளுக்குத் தண்ணி பட்ட பாடு. டேப்பை ஒரு தடவை தோளில் வைத்து எடுத்தால் போதும், அரை அங்குலம் பிசகாது. எழுத்துதான் ஏறவில்லை. சின்ன வயதில் பள்ளிக்கூடம் அனுப்ப ஆளில்லை. கல்யாணமான பிறகு புருஷன், முன்பு இருந்த ஊரில் நாலு பேருக்கு நடுவில், "கையெழுத்துப் போடச் சொன்னா கட்டைவிரலை நீட்டுவா என் மகாராணி" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தான். குழந்தைக்கு மூன்று வயதாகும்போது அவன் போய்ச் சேர்ந்தான். அன்றைக்கே அவள் தனக்குள் ஒரு முடிவு செய்துகொண்டாள். இன்னொரு வாய் தன்னைப் பார்த்து அப்படிச் சிரிக்கக் கூடாது, அதிலும் பெற்ற பிள்ளையின் வாய் சிரிக்கவே கூடாது.

அதற்காக அவள் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல. நடைபாதையில் பவர் இல்லாத கண்ணாடி ஒன்று வாங்கினாள். கடிதம் வந்தால் வீட்டில், "இரு, கண்ணாடியை எங்கே வெச்சேன்னு தெரியலை" என்று தேடுவாள். அப்புறம் நூல் வாங்கப் போகிற சாக்கில் மருந்துக்கடைக்குப் போய், "கண்ணாடியை வீட்டுல விட்டுட்டேன் தம்பி, கொஞ்சம் இதைப் பாருங்களேன்" என்பாள். அவர் படிப்பதை மனதில் பதித்துக்கொண்டு, வழியெல்லாம் முணுமுணுத்துக்கொண்டே வந்து, கண்ணாடியை மாட்டி மகளுக்குப் 'படித்து'க் காட்டுவாள். விரலை வரிக்கு அடியில் ஓட்டுவதுகூட உண்டு. பார்க்கவோ ஆளில்லை, ஆனாலும் ஓட்டுவாள். பொய் சொன்னாலும் சுத்தமாகச் சொல்ல வேண்டும் என்பது அவள் கட்சி.

அப்படிப்பட்டவள் வீட்டுக்குத்தான் அந்தச் சனிக்கிழமை மதியம் அந்தச் சனியன் வந்து சேர்ந்தது.

சனியன் என்று பெயர் வைத்தது அவள்தான். கல்லூரியில் கொடுத்த டப்பாவை மகள் திறந்து, சுண்டுவிரல் நீளத்தில் கறுப்பாக ஒரு துண்டை எடுத்து, தன் கறுப்புக் கண்ணாடியின் காம்பில் டக்கென்று மாட்டிக்கொண்டாள். முன்பக்கம் குட்டியாக ஒரு கேமரா, பின்பக்கம் காதோரம் ஒரு ஸ்பீக்கர். விரலை எழுத்தின்மேல் வைத்தால் போதும், அது படித்துச் சொல்லிவிடுமாம். பார்வை இல்லாத மாணவர்களுக்கென்று கல்லூரிக்கு நாலு வந்திருக்கிறதாம். நாலில் ஒன்று இவளுக்கு, படிப்பு முடியும் வரைக்கும்.

"சத்தத்தை ஏத்தி வெச்சிருக்கேன், நீயும் கேளு" என்று மகள் மேஜைமேல் கிடந்த நூல் கட்டை எடுத்து முகத்துக்கு நேரே பிடித்தாள்.

"பருத்தி நூல். அடர் நீலம். ஐந்நூறு மீட்டர்" என்றது ஓர் ஆண் குரல்.

தையல்கார அம்மாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. கையில் இருந்த கத்தரிக்கோல் காலில் விழாமல் தப்பியது அதிர்ஷ்டம்.

"யாருடி இவன், ரேடியோவுல செய்தி வாசிக்கிறவனாட்டம்?"

"இனிமே இவர்தான் எனக்குப் படிச்சுக் காட்டுவாரு. உனக்கு ஓய்வு! பாவம், எத்தனை வருஷமா என்னால உன் கண்ணு போச்சு."

"எனக்கென்ன கஷ்டம்" என்றாள் அம்மா.

மகள் வீடு முழுக்கச் சுற்றினாள். சுவரில் தொங்கிய நாட்காட்டியை, மாத்திரை அட்டையை, சோப்பு உறையை எல்லாம் அந்தக் குரல் கடகடவென்று ஒப்பித்தது. "அம்மா, நாட்காட்டி இன்னும் போன மாசத்துலயே இருக்கு!" என்று சிரித்தாள். சிரிக்காமல் என்ன செய்வாள், பத்தொன்பது வருஷமாக வாய் மூடியிருந்த வீடு இன்றைக்குத்தான் அவளிடம் பேச ஆரம்பித்திருக்கிறது. அம்மாவோ தன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு மெஷின்முன் போய் உட்கார்ந்து, ஒரு பள்ளிக்கூடச் சட்டையின் காலரை எடுத்துத் தைக்கத் தொடங்கினாள். பாதம் மிதித்தது, தையல் கோணியது. ஆகட்டும், இனிமேல் கடிதம் வந்தால் இவனே படிக்கட்டும், நமக்குப் பாரம் குறைந்தது, பழைய கதை பழங்கதையாகப் போகட்டும் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள்.

அப்போதுதான் மகள் அலமாரியைத் திறக்கும் சத்தம் கேட்டது.

"என்ன தேடுற?"

"மஞ்ச ஃபைல். திங்கக்கிழமை என்னோட மாற்றுத்திறனாளி சான்றிதழைக் கொடுக்கணும். அப்பதான் இதை என் பேர்ல எழுதிக்குவாங்க."

"இரு, நான் எடுத்துத் தர்றேன்."

"வேணாம்மா. இன்னைக்கு நானே எடுக்கறேன். முதல் தடவையா நானே!"

அந்த ஃபைலை மகள் திறக்கக் கூடாது. என்ன காரணம் என்று சொல்லிவிடுகிறேன். மற்ற வீடுகளில் பிள்ளைகளிடமிருந்து மறைக்க வேண்டிய தாள் இருந்தால் அரிசிப் பானைக்கு அடியில் வைப்பார்கள், கிழித்து அடுப்பில் போடுவார்கள். இந்த வீட்டில் அந்த வழக்கமே கிடையாது. படிக்கத் தெரிந்த கண் ஒன்றுகூட இல்லாத வீட்டில் எதற்கு ஒளித்து வைக்க வேண்டும்? எல்லாத் தாளும் மஞ்சள் ஃபைலுக்குப் போகும். அந்தக் கடிதமும் அங்கேதான் போனது.

இரண்டு வருஷத்துக்கு முந்தைய கடிதம் அது. மகள் அப்போது பள்ளி முடித்திருந்தாள். இயன்முறை மருத்துவம், அதாவது கை கால் பிடிப்பு, முதுகு வலி எல்லாவற்றையும் கையாலேயே சரி செய்கிற படிப்பு, அதில் சேர வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றாள். வேறு ஊரில் பார்வையற்றவர்களுக்கென்றே ஒரு பயிற்சி நிலையம். பள்ளி டீச்சர் விண்ணப்பம் எழுதிக் கொடுத்து, நேர்முகத் தேர்வுக்கும் கூட்டிப்போய் வந்து, கையோடு மாற்றலாகிப் போய்விட்டார். அதற்கப்புறம் ஒரு மாதம் மகள் தபால்காரர் சைக்கிள் மணிக்காகவே உயிர் வாழ்ந்தாள். கடிதம் வந்தபோது வாசலில் நின்று வாங்கியதும் அவளே, உறையைக் கிழித்ததும் அவளே. "படிம்மா, படிம்மா, இப்பவே படி!" என்று அம்மாவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு குதித்தாள். கண்ணாடியைக் காணோம் என்றால், அவளே தடவி எடுத்து வந்து அம்மாவின் மூக்கில் மாட்டிவிட்டாள். நூல் வாங்கப் போகிறேன் என்றால் விடுகிற மாதிரி இல்லை. அன்றைக்கு மருந்துக்கடையும் பூட்டு.

தாளில் தெரிந்தவை மூன்று எண்கள்தான். 40, 3, 14.

ஆமாம், இடம் கிடைத்தது என்று சொன்னால் எப்போது போக வேண்டும், எங்கே தங்க வேண்டும், எவ்வளவு கட்ட வேண்டும் என்று வரிசையாகக் கேள்வி வரும். இல்லை என்று சொன்னால் அடுத்த கேள்வியே வராது. அந்தக் கண நேரத்தில் அவளுக்குத் தோன்றியது இவ்வளவுதான். "மூவாயிரம் பேர் கேட்டாங்களாம். நாப்பது இடம்தானாம். பதினாலு நாளைக்கு முன்னாடியே நிரம்பிடுச்சாம். மன்னிச்சுக்கச் சொல்லி எழுதியிருக்காங்க" என்று தொண்டையைச் செருமிக்கொண்டு படித்துவிட்டாள்.

மகள் மூன்று நாள் சாப்பிடவில்லை. நாலாவது நாள் எழுந்து, பக்கத்துக் கல்லூரியில் கிடைத்த வரலாற்றுப் பாடத்தில் சேர்ந்தாள். ராஜாக்கள் செத்த வருஷங்களை மனப்பாடம் செய்து என்ன ஆகப் போகிறது என்று அன்றிலிருந்து இன்றுவரை புலம்பல். பயிற்சி நிலையத்தின் பேச்சு மட்டும் அதோடு முடிந்தது.

"அம்மா, இது கரண்டு பில்!" உள்ளிருந்து மகளின் குரல் கொஞ்சியது. "இது என் தடுப்பூசி அட்டை! ஐயோ, நான் பொறந்தப்ப ரெண்டரைக் கிலோதானாம்மா? நீ மூணரைன்னு சொன்ன!"

"சான்றிதழ் மேலயே இருக்கும் பாரு. போதும், மூடி வை."

"இரும்மா, எல்லாத்தையும் கேக்கறேன்."

அவள் எழுந்து ஓடியிருக்கலாம். ஃபைலைப் பிடுங்கியிருக்கலாம். கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ஒருவேளை அந்தக் கடிதத்தில் நிஜமாகவே இல்லை என்றுதான் எழுதியிருக்குமோ? அப்படித்தான் இருக்கும், இருக்க வேண்டும் என்று அவள் ஊசிமுனையையே வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அந்தக் குரல் ஏற்ற இறக்கம் இல்லாமல் தொடங்கியது.

"அன்புடையீர். இயன்முறை மருத்துவப் பயிற்சிக்கு நேர்முகத் தேர்வுக்கு வந்த நாற்பது பேரில் தங்கள் மகள் மூன்றாவது இடத்தில் தேர்வு பெற்றுள்ளார் என்பதை மகிழ்ச்சியுடன் தெரிவிக்கிறோம். பயிற்சியும் தங்குமிடமும் முற்றிலும் இலவசம். இம்மாதம் பதினான்காம் தேதிக்குள் நேரில் வந்து சேர வேண்டும். தவறினால் இடம் அடுத்தவருக்கு வழங்கப்படும். தங்கள் மகளின் கைவிரல்களின் நுட்பத்தைத் தேர்வுக் குழு தனியாகப் பாராட்டியுள்ளது. அவரை எதிர்பார்த்துக் காத்திருக்கிறோம்."

மெஷின் நின்றுவிட்டது. அவள் தலையில் இடியே விழுந்தது. மகளுக்கு மட்டுமா இது புதுச் செய்தி? அவளுக்கும்தான். இரண்டு வருஷமாக ஃபைலில் கிடந்த தாள் இன்றைக்குத்தான் அவள் காதிலும் விழுகிறது. மூன்றாவது இடம்! நாற்பது பேரில் மூன்றாவது! அடிப்பாவி, என்ன காரியம் செய்துவிட்டாய் என்று அவள் நெஞ்சே அவளைக் கேட்டது.

மகள் அறை வாசலில் வந்து நின்றாள். முகத்தில் ரத்தமே இல்லை. தாளைத் திரும்பவும் கண்ணுக்கு நேரே பிடித்து, விரலை வைத்து, மறுபடியும் கேட்டாள். மூன்றாவது முறையும் கேட்டாள். மூன்று முறையும் அந்தக் குரல் அதே மகிழ்ச்சியுடன் தெரிவித்தது.

"மூவாயிரம் பேர்னு சொன்னியே."

அம்மா சட்டைக் காலரை மெஷினிலிருந்து உருவி எடுத்தாள்.

"மன்னிச்சுக்கச் சொல்லியிருக்காங்கன்னு சொன்னியே! அதுல அப்படி ஒரு வார்த்தைகூட இல்லையேம்மா!"

"குட்டிம்மா…"

"நான் போயிட்டா நீ தனியா இருக்கணும்னுதானே மறைச்ச? என்னை விட மனசு வரலை. அதானே?"

தையல்கார அம்மா திடுக்கிட்டு நிமிர்ந்தாள். தப்பிக்க வழி தானாகவே வந்து எதிரில் நிற்கிறது! ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். பாசத்தில் பிள்ளையைப் பிடித்து வைத்துக்கொண்ட தாய், அவ்வளவுதானே? ஊர் உலகத்தில் நடக்காததா? மகள் அழுவாள், நாலு மாசம் பேச மாட்டாள், பிறகு மன்னித்துவிடுவாள். கட்டைவிரல் மகாராணி கதை அப்படியே புதைந்து போகும். அவள் வாயைத் திறந்தேவிட்டாள்.

"இல்லை, அதுவும் இல்லை" என்று மகள் தாளைக் கசக்கினாள். குரல் உடைந்தது. "கண்ணு தெரியாதவ அங்கே போய் என்னத்தைக் கிழிக்கப் போறான்னு நினைச்சிருப்ப. நான் ஒண்ணுத்துக்கும் லாயக்கில்லைன்னு நீயே முடிவு பண்ணிட்ட!"

இதை மட்டும் அவளால் தாங்க முடியவில்லை. திறந்த வாயில் இருந்த பொய் அப்படியே உள்ளே போய்விட்டது.

"எனக்குப் படிக்கத் தெரியாதுடி" என்றாள்.

"என்னது?"

"ஒரு எழுத்துகூடத் தெரியாது. அன்னைக்கும் தெரியாது, இன்னைக்கும் தெரியாது. மருந்துக்கடைத் தம்பிதான் படிச்சுச் சொல்லும். அன்னைக்குக் கடை இல்லை. நம்பரை மட்டும் பார்த்து வாய்க்கு வந்ததைச் சொல்லிட்டேன்."

மகள் சிரித்தாள். கேட்கவே பயமாக இருந்த சிரிப்பு அது.

"நல்லா இருக்கும்மா. மாட்டிக்கிட்டதும் இப்படி ஒரு புளுகா? பத்து வருஷம் எனக்குக் கதைப் புத்தகம் படிச்சவ யாரு? குடை தைக்கிற கரடி கதையை வெச்சுத்தானே நான் கட்டுரைப் போட்டியில முதல் பரிசு வாங்கினேன்? பக்கம் புரட்டுற சத்தம் இப்பவும் என் காதுல இருக்கு. உனக்கா படிக்கத் தெரியாது?"

அம்மா எழுந்து, மெஷின் மேஜையின் இழுப்பறையைத் திறந்து, நூல்கண்டுகளுக்கு அடியிலிருந்து ஓரம் நைந்துபோன ஒரு மெல்லிய புத்தகத்தை எடுத்தாள். மகளின் கையில் வைத்தாள்.

தொட்டதுமே மகளுக்குத் தெரிந்துவிட்டது. மேல் மூலையில் ஒரு கிழிசல், நடுவில் எப்போதோ பால் கொட்டி மொடமொடத்த பக்கம். "இதுதான் கரடிப் புத்தகம்" என்றாள்.

"படிக்கச் சொல்லு, உன் ஆளை."

மகள் முதல் பக்கத்தைப் பிரித்து விரலை வைத்தாள்.

"தையல் இயந்திரம். பயன்படுத்துவோர் கையேடு" என்றது குரல். "எண்ணெய் விட வேண்டிய இடங்கள். ஒன்று, ஊசித் தண்டு. இரண்டு, பாபின் கூடு."

மகள் சட்டென்று பக்கத்தைப் புரட்டினாள். "நூல் அறுந்தால் செய்ய வேண்டியவை." அடுத்த பக்கம். "பெல்ட் தளர்ந்தால் கவனிக்க." அவள் வேகவேகமாகப் புரட்டினாள், ஒவ்வொரு பக்கமாகக் கரடியைத் தேடினாள். மொடமொடத்த பக்கத்தில்தான் கரடி மழையில் நனைந்த எறும்புக்குக் குட்டிக் குடை தைத்துக் கொடுக்கும். அந்தப் பக்கத்தில், "உதிரி பாகங்களின் பட்டியல்" என்றது குரல். கடைசி அட்டை வரைக்கும் போய்விட்டாள். கரடி எங்கேயும் இல்லை.

அவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். வெளியே தெருவில் யாரோ யாரையோ கூப்பிடுகிற சத்தம் வந்து போனது.

"அப்போ அந்தக் கரடி?" என்றாள் கடைசியில்.

"நானே சொன்னதுதான். மெஷின் வாங்கினப்ப கூடக் கொடுத்த புத்தகம் இது. புரட்டச் சத்தம் வேணுமேன்னு வெச்சுக்கிட்டேன்."

மகள் தலையைக் குனிந்துகொண்டாள். நம்பிவிட்டாள் என்று அம்மாவுக்குத் தெரிந்தது. நம்பியதும் கோபம் போய்விடும் என்று ஒரு நப்பாசை இருந்தது அவளுக்கு. மகள் நிமிர்ந்தபோது அந்த நப்பாசையும் போனது.

"சரிம்மா. அன்னைக்குக் கடை பூட்டு. மறுநாள்?"

அம்மா இழுப்பறையைச் சாத்தினாள்.

"மறுநாள் கடை திறந்திருக்கும்ல? பதினாலாம் தேதிக்கு நாள் இருந்திருக்கும்ல? மருந்துக்கடை மாமாகிட்ட ஒரு எட்டு போய்க் காட்டியிருக்கலாம்ல?"

"போனேன்" என்றாள் அம்மா. குரல் அவளுக்கே கேட்கவில்லை. "மடியில வெச்சு எடுத்துக்கிட்டுப் போனேன். கடை வாசல் வரைக்கும் போனேன். உள்ளே போகலை."

"ஏன்?"

"நான் சொன்னது தப்புன்னு அந்தத் தம்பி படிச்சிட்டா, உன்கிட்ட வந்து என்னன்னு சொல்லுவேன்? நேத்து தப்பாப் படிச்சிட்டேன்னு எப்படிச் சொல்லுவேன்? பயந்துட்டேன்டி. தெரியாமலே இருக்கட்டும்னு திரும்பி வந்துட்டேன்."

சொல்லி முடித்ததும் அவளுக்கே தன்மேல் அருவருப்பாக இருந்தது. இத்தனை வருஷமும் கட்டிக் காத்தது இந்த வெட்கத்தைத்தானா? இதற்கா பிள்ளையின் கைவிரலைப் பலி கொடுத்தோம்? அழக்கூட உரிமை இல்லாதவள் மாதிரி விழித்துக்கொண்டு நின்றாள்.

மகள் எழுந்தாள். தன் கண்ணாடிக் காம்பிலிருந்து அந்தக் கறுப்புத் துண்டைக் கழற்றினாள். அறையின் குறுக்கே நடந்து வந்து, அம்மாவின் முகத்தைத் தடவி, மூக்கின்மேல் இருந்த பவர் இல்லாத கண்ணாடியைத் தொட்டாள். இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஆசையாசையாக எடுத்து வந்து மாட்டிவிட்ட அதே கண்ணாடி. அதன் காம்பில் டக்கென்று அந்தத் துண்டை மாட்டினாள்.

கசக்கிய கடிதத்தைத் தொடையில் வைத்து நீவி விரித்து, மெஷின் பலகைமேல் போட்டாள். அம்மாவின் சுட்டுவிரலைப் பிடித்துத் தாளின்மேல் வைத்தாள். வரிக்கு அடியில் சும்மாவே ஓடிப் பழகிய விரல் இப்போது அசையவே மறுத்தது.

"அன்புடையீர்" என்றது குரல், இந்த முறை அம்மாவின் காதோரம்.

அவள் கேட்டாள். ஒரு தாள் அவளிடம் நேராகப் பேசுவது இதுதான் முதல் தடவை. நாற்பதும் மூன்றும் பதினாலும் எவை எவை என்று எல்லாவற்றையும் அது சொல்லியது. மகள் எதிரில் கையைக் கட்டிக்கொண்டு, சின்ன வயதில் கதைக்குக் காத்திருந்த அதே இடத்தில் நின்றாள்.

"என்ன எழுதியிருக்கும்மா?" என்று கேட்டாள்.

தொண்டையைச் செருமக்கூட அம்மாவுக்கு வரவில்லை.

"நீ மூணாவதா வந்திருக்கியாம்" என்றாள். "உன் விரலு ரொம்ப நல்ல விரலாம். உனக்காகக் காத்துக்கிட்டு இருக்காங்களாம்."